பூஞ்சேரிப் பாறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மெஷின் கதை பேசுங்கள்

மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாக இருக்கும் குழிகளை ஏதோ பழைய மெஷின் போட்டது என்று சொல்லும் அந்த வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன், முழுசாகவே பார்த்தேன். "உன் ஊரைப் பத்தித்தான், பெருமையா இருக்கு" என்று எழுதி என்னை டேக் செய்த நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்குப் பெருமையாக இல்லை. வயிறு எரிகிறது.

மற்றதைக் கூட விட்டுவிடலாம். அந்தப் பெரியவர் வரும் இடத்தை என்னால் விட முடியவில்லை. பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், கையில் உளி. "இந்தக் குழியெல்லாம் எப்படிப் போட்டிருப்பாங்க?" என்று கேட்கிறார் வீடியோ எடுக்கும் தம்பி. "உளியாலதான். ஆப்பு அடிக்கிறதுக்கு..." என்று அவர் ஆரம்பிக்கிறார். முடிக்கவில்லை, வெட்டிவிட்டார்கள். ஒரு சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் தம்பி நம் பக்கம் திரும்பி, "பாவம், இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்" என்கிறார். 12,000 வருஷத்துக்கு முன்னால் அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் மெஷின் தடமாம் அது. பல்லவர்கள் வந்து பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டார்களாம்.

தெரியாததால் வந்த பேச்சு இல்லை இது. தெரிந்த ஒருவர் எதிரிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடிவிட்டுத்தான் இந்தக் கதையைச் சொல்ல முடிந்திருக்கிறது.

மாமல்லபுரத்தைச் செதுக்கியது மனிதக் கை. சம்பளம் வாங்கிய, வியர்த்த, பெயர் இருந்த மனிதர்களின் கை. எத்தனை முறை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

சரி, அந்தக் குழியைப் பற்றியே பேசுவோம். கருங்கல்லைப் பிளக்க வேண்டுமானால் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்று கேட்டால் கல் நல்ல கல், சத்தம் செத்துப்போனால் உள்ளே எங்கோ விரிசல். அப்புறம் பிளக்க வேண்டிய கோட்டில் வரிசையாகக் குழி போட்டு, குழிக்கு ஒரு ஆப்பு இறக்க வேண்டும். சம்மட்டியால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே ஆப்பில் பலத்தைக் காட்டினால் கல் கோணலாகப் போய்விடும். திரும்ப முதல் ஆப்புக்கு வந்து, இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒரு சுற்று. ஆப்பு இறங்க இறங்கச் சத்தம் மாறும். கடைசியில் குழிக்குக் குழி ஒரு மயிரிழைக் கோடு ஓடும், கல் திறந்துகொள்ளும். "குழிகள் சம இடைவெளியில் இருக்கின்றனவே, மனிதனால் முடியுமா?" என்று அந்தத் தம்பி கேட்கிறார். சம இடைவெளி இல்லாவிட்டால் கல் கோட்டில் பிளக்காது, அதனால்தான் சம இடைவெளி. அளக்க விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம், போதும்.

என் அப்பா ஆயுசு முழுக்கக் கல் வேலை செய்தவர். வீடியோவை நிறுத்தச் சொல்லி, போன் திரையில் அந்தக் குழியின் மேல் விரலை வைத்தார். "வாய் அகலம், அடி குறுகல், பாரு. மெஷின்ல துளை போட்டா மேலயும் கீழயும் ஒரே அகலமா, உருண்டையா இருக்கும்." அவ்வளவுதான் விஷயம். அவர்கள் காட்டிய படத்திலேயே பதில் இருக்கிறது. அந்தக் குழிகளில் எது பல்லவர் காலத்தது, எது பிற்காலத்தில் கல் எடுக்க வந்தவர்கள் போட்டது என்று தனியாகப் பேசலாம். யார் போட்டிருந்தாலும் போட்டது உளிதான்.

"இரும்பு உளியால் கருங்கல்லை வெட்ட முடியுமா?" என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். உளி கருங்கல்லை அரிவதில்லை. அடிபட்ட இடத்தில் கல்லை நொறுக்கிப் பொடியாக்குகிறது. கல் குறையும், கூடவே உளியும் மழுங்கும். மழுங்கினால் உலைக்குப் போய்த் திரும்பி வரும். சின்ன வயதில் எனக்கு வீட்டில் கொடுத்த வேலையே அதுதான். மழுங்கின உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கொல்லுப் பட்டறைக்கு ஓட வேண்டும். துருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஆசாரி நுனியைச் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, முனையை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். முனையில் மெதுவாக வைக்கோல் நிறம் ஏறும். ஏறினதும் மறுபடி தோய்ப்பார். முந்திவிட்டால் முனை உடையும், தாண்டிவிட்டால் வளையும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவர் திரும்ப மாட்டார்.

ஊருக்கு மேற்கே பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. நீங்கள் யாரும் செல்ஃபி எடுக்காத பாறை. அதில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், கலியாணி, கொல்லன் ஸேமகன். இந்த ஊரைச் செதுக்கியவர்களின் பெயர்களாகவே அறிஞர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள். கடைசிப் பெயரைத் திரும்பப் படியுங்கள். கல் தச்சர்களின் பெயர்களோடு கொல்லன் பெயர் ஏன் வந்தது? கொல்லன் இல்லாமல் ஒரு நாள் கூட உளி ஓடாது. உளி காய்ச்சுகிறவனுக்கும் பாறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள், 1,300 வருஷத்துக்கு முன்னால்.

அழிந்துபோன நாகரிகத்து மெஷினுக்கு எதற்கய்யா கொல்லன்?

இரும்பு எங்கிருந்து வந்தது என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு: கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழ்நாடு அரசே 2022-இல் அறிவித்தது. பல்லவர்கள் வருவதற்குள் இந்த மண்ணில் இரும்பு வேலைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷப் பழக்கம் வந்துவிட்டது.

பல்லவர்கள் வேறு யாரோ கட்டியதைக் கைப்பற்றினார்கள் என்பவர்கள் ஒரு தடவை விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுக்குப் போய் வரட்டும். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறான். புதுசாக ஒன்றைச் செய்தவனின் குரல் அது. அந்தக் குடைவரை எவ்வளவு எளிமையாக, தடித்த தூண்களோடு இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் மாமல்லபுரத்து மண்டபங்களையும் ரதங்களையும் பாருங்கள். அதற்கும் அப்புறம் பிற்காலப் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயிலையும் காஞ்சி கைலாசநாதரையும் பாருங்கள். கை படிப்படியாகத் தேறி வருவது கண்ணுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த ஒரு நாகரிகம் விட்டுப்போனது என்றால், அது ஏன் நூறு வருஷம் தத்தித் தத்தி நடை பழக வேண்டும்?

இன்னும் பெரிய சாட்சி முடியாமல் கிடக்கும் வேலைகள். ஐந்து ரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தர்மராஜ ரதத்தின் மேல் பகுதி இழைத்து முடிந்திருக்கிறது, கீழே போகப் போகக் கல் கரடாக நிற்கிறது. பாதியில் விட்ட மண்டபங்களில் பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவில் துருத்தி நிற்கும் கட்டத்தைத் தட்டி எடுத்த தடம் அப்படியே இருக்கிறது. சில கட்டங்கள் இன்னும் தட்டாமல் நிற்கின்றன. வேலை எப்படி நடந்தது என்று காட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வீடியோவில் இந்த மண்டபங்கள் ஒரு நொடி கூட வரவில்லை. வந்தால் கதை நிற்காது.

இனி எனக்கு வரப்போகும் பதில்கள்.

"தமிழன் பெருமையைக் குறைக்கிறாயே." நானா குறைக்கிறேன்? கேவாத பெருந்தச்சனிடமிருந்து உளியைப் பிடுங்கி, பெயர் தெரியாத ஒரு மெஷினுக்குக் கொடுப்பது நீங்கள். செய்தவன் பெயர் தமிழ் மண்ணில், கல்லில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அழிந்த கண்டத்தில் போய்ப் பெருமை தேடுகிறீர்கள். இதில் யார் தமிழனைக் குறைக்கிறார்கள்?

"வெறும் பொழுதுபோக்குதானே, இதனால் நாலு பேர் ஊரைப் பார்க்க வருவார்கள்." வரட்டும். வந்து அந்தப் பெரியவரைப் பார்த்தும் சிரிக்கட்டுமா?

"திறந்த மனதோடு இரு. விஞ்ஞானத்துக்கும் தெரியாதது இருக்கிறது. கடலுக்கடியில் கோயில்கள் கிடைத்ததே?" இதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்பவர்களில் உண்மையாகவே ஆர்வம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். 2002-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்துக் குழு ஒன்றும் நம் கரைக்கு எதிரே கடலில் மூழ்கிப் பார்த்தார்கள். சில மீட்டர் ஆழத்தில் கல் கட்டுமானத்தின் மிச்சங்கள் கிடைத்தன. அது உண்மை. பிரிட்டிஷ் எழுத்தாளர் கிரகாம் ஹான்காக் அதைப் பனியுகத்தில் மூழ்கிய நாகரிகத்தோடு முடிச்சுப் போட்டார். மூழ்கிப் பார்த்த கடலியல் ஆய்வாளர்கள் சொன்னது வேறு. அவை பெரும்பாலும் பல்லவர் காலத்தவை, 1,500 முதல் 1,200 வருஷத்துக்குள் இருக்கலாம் என்றார்கள். இந்தக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கரையோரம் கட்டியது கடலுக்குள் போக 12,000 வருஷம் தேவையில்லை.

அப்புறம் சுனாமி. 2004 டிசம்பரில் அலை வந்து போனபின் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதில் திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலைப் பற்றி இருந்தது. அப்படி ஒரு கோயில் அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. தொல்லியல் துறையினர் கல்வெட்டை நம்பித் தோண்டினார்கள். மணலுக்கடியில் பல்லவர் காலக் கோயில் கிடைத்தது. அதற்கும் அடியில் இன்னும் பழைய, வடக்கு நோக்கிய செங்கல் கோயில். சங்க காலத்தது என்றார்கள். உடம்பு சிலிர்க்கவில்லையா உங்களுக்கு? அலை காட்டிக்கொடுத்த எழுத்தைப் படித்து ஒரு கோயிலைக் கண்டெடுத்தார்கள்! இதற்கு ஒரு வீடியோ போட மனம் வரவில்லையே.

"நீ என்ன தொல்லியல் படித்தாயா?" இல்லை. அந்தத் தம்பியும் படிக்கவில்லை. நான் படித்தவர்கள் எழுதியதைப் படிக்கிறேன், வேலை தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்கிறேன்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஆப்பிரிக்காவில் கிரேட் ஜிம்பாப்வே என்ற இடத்தில் சாந்து இல்லாமல் அடுக்கிய பெரிய கல் மதில்கள் இருக்கின்றன. உள்ளூர் ஆப்பிரிக்கர்களின் முன்னோர்கள் கட்டியவை அவை. 1905-லேயே தொல்லியலாளர் ராண்டல் மெக்கைவர் தோண்டிப் பார்த்துச் சொன்னார், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சன் உறுதிப்படுத்தினார். ஆனால் ரொடீசியாவை (இன்றைய ஜிம்பாப்வே) ஆண்ட வெள்ளை அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. கறுப்பர்கள் கட்டினார்கள் என்று சொல்லாதே என்று ஆய்வாளர்களை நெருக்கினார்கள். பைபிளில் வரும் ஷீபா ராணி கட்டினாள், வெளியிலிருந்து யாரோ வந்து கட்டினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிடித்த கதைகள். எகிப்துக்கும் அதே கதி. வேற்றுக்கிரகவாசிகள் பிரமிடு கட்டினார்கள் என்று பேசுகிறவர்கள், 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளைப் பற்றிப் பேசுவதில்லை. மெரெர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிப் பிரமிடு இருக்கும் கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதி வைத்த கணக்கு அது. 4,500 வருஷத்துக்கு முந்தைய வேலைக் குறிப்பு.

எல்லா இடத்திலும் வேலை செய்தவனிடமிருந்துதான் பிடுங்குகிறார்கள். ராஜா பெயரைக் கூட விட்டுவைப்பார்கள். கல் உடைத்தவன், உலை ஊதியவன், மண் சுமந்தவள் என்றால் இளப்பம். அவர்களுக்கு அறிவு இருந்தது, கணக்கு தெரிந்தது என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. "பாவம், இவங்களுக்கு" என்று அந்தத் தம்பி சொன்னாரே, அந்தக் குரலை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது பத்துப் படி சேர்ந்தாற்போல் ஏற முடியாது. முதலில் சளி என்றார்கள், அப்புறம் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். நுரையீரலில் படிந்திருப்பது கல் தூசி என்று ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. சிலிக்கோசிஸ். கையால் அடித்த காலத்திலும் தூசி இருந்தது. வெட்டு மெஷின் வந்த பிறகு பட்டறையே வெள்ளையாகிவிடும், துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பார். எங்கள் தெருவில் இப்படி இருமுகிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. குணமல்லனும் இருமியிருப்பான் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பாறையில் இருப்பது இவர்களுடைய மூச்சு. அதைக் கொண்டுபோய் இல்லாத ஒரு நாகரிகத்தின் கணக்கில் எழுதாதீர்கள். எங்களுக்கு வலிக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையும் கடற்கரைக் கோயிலும் பார்த்து முடித்ததும் பூஞ்சேரிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பெயர்களைப் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நானே கூட வருகிறேன்.