மறந்துபோன வேட்புமனு

ஆஸ்திரேலியத் தேர்தல் என்றால் நம்மில் பலர் சிட்னியோடும் மெல்போர்னோடும் நின்றுவிடுகிறோம். என் கண் விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஒரு கிராமப்புறத் தொகுதியின் மீதுதான். Indi என்ற எழுத்தைப் பார்த்து இண்டி என்று படித்துவிடாதீர்கள். உள்ளூரில் அது இன்டை. வாங்கரட்டா, வொடோங்கா, பேர்போன கொள்ளைக்காரன் நெட் கெல்லி பிடிபட்ட க்ளென்ரோவன் எல்லாம் இதற்குள் அடக்கம்.

1901இல் நடந்த முதல் கூட்டாட்சித் தேர்தலிலேயே இருந்த தொகுதி. முதல் உறுப்பினர் ஐசக் ஐசக்ஸ், தையல்காரரின் மகன். 1931இல் கவர்னர் ஜெனரல் ஆனார். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். பெருமைதான். ஆனால் எனக்குப் பிடித்த ஆண்டு 1928.

அப்போது உறுப்பினர் கன்ட்ரி கட்சியின் ராபர்ட் குக். 1919 முதல் அவர்தான். அந்தத் தேர்தலில் வேட்புமனுவை நேரத்துக்குள் கொடுக்க மறந்துவிட்டார். ஆம், வேட்புமனுவையே! களத்தில் மிஞ்சியவர் தொழிற்கட்சியின் பால் ஜோன்ஸ் ஒருவர், போட்டியின்றி வென்றார். வாக்களிக்காவிட்டால் அபராதம் என்று சட்டம் போட்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்டைக்காரர்களுக்கோ அந்த முறை கீழவைக்கு வாக்களிக்கும் வேலையே இல்லை.

இதைப் படித்துச் சிரித்தவன்தான் நானும். ஆனால் 'எப்படியும் நமக்குத்தான்' என்ற நினைப்பு அங்கே குக்கோடு போய்விடவில்லை. 1977 முதல் தொகுதி லிபரல் கட்சியின் கையில். 2012இல், மெல்போர்னுக்குப் போய்விட்ட உள்ளூர் இளைஞர்கள் சிலர் கிளப்பிய பேச்சு, ஊர் ஊராகச் சமையலறை மேசைகளைச் சுற்றிக் கூட்டங்களாக வளர்ந்தது. மேடை இல்லை, மைக் இல்லை. தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து, சிக்னல் எடுக்காத செல்போன், நேரத்துக்கு வராத ரயில் என்று குறைகளை ஒவ்வொருவராகச் சொன்னார்கள், ஒருவர் எழுதிக்கொண்டார்.

2013இல் நாடே லிபரல் கூட்டணிப் பக்கம் சாய்ந்தபோது, இங்கே அக்கட்சியின் சோஃபி மிராபெல்லா இந்தக் கூட்டங்களின் ஆதரவோடு நின்ற சுயேச்சை கேத்தி மெக்கோவனிடம் 439 வாக்குகளில் தோற்றார். அங்கே வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படுத்தி வாக்களிக்க வேண்டும்; கடைசியில் இருப்பவர்கள் வெளியேற, அவர்கள் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். முதல் விருப்ப வாக்குகளில் மிராபெல்லாதான் முன்னணி. மற்றவர்களை ஆதரித்தவர்கள் தங்கள் அடுத்த விருப்பமாக யாரைக் குறித்திருந்தார்கள் என்பது கணக்கை மாற்றிவிட்டது. விருப்ப வாக்கு முறை நமக்கு ஏன் வேண்டாம் என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றி.

2019இல் மெக்கோவன் ஒதுங்கியதும் இன்னொரு சுயேச்சை, செவிலியராக இருந்த ஹெலன் ஹெய்ன்ஸ் வந்தார். இப்போது மூன்று தேர்தல்களில் வென்றுவிட்டார். அடுத்த முறை வேட்புமனு முடியும் நாளன்று அவரையும் கொஞ்சம் கவனித்துக்கொண்டிருப்பேன்.