காலை வெயிலை நம்பி மலையேறலாமா?

"வசந்தகாலக் கடைசியில் காலை வானம் தெளிவாக இருந்தால், அன்று முழுக்க மலையில் மழையோ பனியோ வராது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, நம்பிப் போனால் ஆபத்தும்கூட.

அந்தக் காலை வெயில்தான் பல நாட்களில் பிற்பகல் இடிமழையையே கிளப்புகிறது. வெயில் பட்டு மலைச்சரிவு சூடாகும். அதை ஒட்டிய ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்து மேகமாகும். பத்து மணிக்குப் பஞ்சுப்பொதி போல இருந்த மேகம், அடி கறுத்து மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போனால் இறங்கிவிட வேண்டும். உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நிற்கக் கூடாது.

சரி, பனி? உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 15 டிகிரி என்றால், 2,000 மீட்டர் மேலே சுமார் 2 டிகிரிதான். குளிர்காற்று புகுந்தால் கீழே மழை, மேலே பனி.

அப்புறம், மழை விழவில்லையே என்று இடியை அலட்சியப்படுத்தாதீர்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் தாக்கும். இடி கேட்டாலே முகட்டை விட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடமாவது மறுபடி ஏற வேண்டாம்.