சத்தம் இல்லை என்றால்தான் பயம்

சின்னப் பிள்ளைகளை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அடுப்பில் பால் பொங்கினால் யார் போய் இறக்குவது?

போன மாதம் கேஸ் சிலிண்டர் வந்தது. பணம் கொடுத்துவிட்டு உள்ளே வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வீட்டில் சத்தமே இல்லை. அப்போதே வயிற்றைக் கலக்கியது. போய்ப் பார்த்தால், இரண்டரை வயது மகன் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தரையில் கவிழ்த்து, மேலே மஞ்சள் தூளைக் கொட்டி, இரண்டு கையாலும் மெழுகிக்கொண்டிருக்கிறான். "அம்மா, சாம்பார்!" என்று வேறு சொல்கிறான்.

அவசரத்தில் ஈரத்துணியை எடுத்தேன், அதுதான் தப்பு. எண்ணெய் கூடம் முழுக்கப் பரவியது. மாமியார் வந்து அரிசி மாவைத் தூவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய செய்தித்தாளால் வழித்தெடுத்தார். அப்புறம்தான் பாத்திரம் கழுவும் சோப்பு. அவன் சட்டையில் துணி சோப்பு போட்டதும் கறை சிவப்பாகிவிட்டது. பயப்பட வேண்டாம், சோப்பின் காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். அலசி இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டதில் வெளுத்துவிட்டது. டைல்ஸ் இடுக்கில் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது.

இப்போது எண்ணெய், மஞ்சள் எல்லாம் மேல் தட்டில். கீழே அவனுக்கென்று இரண்டு எவர்சில்வர் கிண்ணமும் ஒரு கரண்டியும் (தட்டட்டும், காது போனாலும் பரவாயில்லை). பினாயில், கொசு மருந்து மட்டும் பூட்டிய அலமாரியில், அதில் சமரசமே கிடையாது. நேற்று கோலமாவு டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டான்.