கேபிள் எத்தனை ஸ்கொயருங்க?

போன மாதம் எங்கள் பக்கத்து விவசாயிகள் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான். "போர் மோட்டார் ஆறு மாசத்துல ரெண்டாவது தடவையா காயில் போயிருச்சுங்க. 900 அடி. என்ன காரணமா இருக்கும்?"

அவன் கேட்டது காலை ஆறேகாலுக்கு. நான் பார்த்தது இரவு ஒன்பது மணிக்கு. அதற்குள் மேலே காலை வணக்கப் படங்கள், தேங்காய் விலை, ஒரு காதுகுத்து அழைப்பிதழ், காணாமல் போன கன்றுக்குட்டியின் படம், அரசியல் சண்டை என்று நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள். அவனுக்கு வந்த பதில்கள் மூன்று. "நல்ல கம்பெனி மோட்டாரா வாங்குங்க" என்று ஒன்று. கும்பிடும் கை ஒன்று. இன்னொன்று ஏதோ ஒரு வைண்டிங் கடையின் விளம்பர அட்டை.

பதில் எனக்குத் தெரியும். 2009 கோடையில் எங்கள் அப்பாவின் போருக்கும் இதேதான் நடந்தது. பொங்கலூருக்குத் தெற்கே எங்கள் தோட்டம். 850 அடி போர், தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் ஏழரை எச்பி சப்மெர்சிபிள் மோட்டார். அந்த ஒரே கோடையில் இரண்டு தடவை எரிந்தது. ஒவ்வொரு தடவையும் பைப்பை மேலே எடுக்க வண்டி, ஆள்கூலி, காயில் கட்டும் செலவு. மோட்டார் திரும்பி வரும்வரை தென்னம்பிள்ளைகள் வாடிக்கொண்டிருக்கும். அப்பா ராத்திரிச் சோத்தைத் தொடாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்து பிரவுசிங் சென்டருக்குப் போய், நான் உறுப்பினராக இருந்த தமிழ் இணைய மன்றத்தின் விவசாயப் பகுதியில் இதைக் கேட்டு ஒரு திரி, அதாவது கேள்வியும் பதில்களும் வரிசையாகச் சேரும் ஓர் உரையாடல், தொடங்கினேன்.

பத்து நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் ஒருவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். "கேபிள் எத்தனை ஸ்கொயருங்க?"

ஸ்கொயர் என்றால் கேபிள் கம்பியின் தடிமன், சதுர மில்லிமீட்டர் கணக்கில். ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் கேட்டுச் சொன்னேன். இரண்டரை. மறுநாள் அவருடைய பதில் ஒரு பக்கத்துக்கு இருந்தது. 850 அடி ஆழத்துக்கு இரண்டரை ஸ்கொயர் கேபிளில் ஏழரை எச்பி ஓட்டினால் கேபிளிலேயே 40, 50 வோல்ட் தொலைந்துபோகும். அப்போது மின்வெட்டுக் காலம். மும்முனைக் கரண்ட் வந்ததும் வந்ததுமாக அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். லைனில் வருகிற வோல்டேஜே குறைச்சல், அதில் கேபிள் தின்றது போக மோட்டாருக்குப் போய்ச் சேர்வது என்ன? வோல்டேஜ் குறைந்தால் அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதலாக ஆம்ப்ஸ் எடுக்கும். காயில் சூடாகும், வார்னிஷ் போகும், எரியும். இதை அவர் எங்கள் வீட்டு ஆள் போல உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஆறு ஸ்கொயருக்கு மாற்றுங்கள், ஸ்டார்ட்டரில் கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயை எத்தனை ஆம்ப்ஸில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், காயில் கட்டுபவரைக் குறை சொல்லாதீர்கள் என்று முடித்திருந்தார். கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங்கில் இருந்தவர் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்றுவரை அவர் உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது.

கேபிள் மாற்றினோம். அந்த மோட்டார் அதன்பிறகு ஏழு வருடம் ஓடியது.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல மனிதரைப் பற்றிய நினைவாகவே இருந்திருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்தத் திரி வளர்ந்தது. காங்கேயத்திலிருந்து ஒருவர் கம்ப்ரசர் நல்லதா, சப்மெர்சிபிள் நல்லதா என்று ஆரம்பித்தார். வேறொருவர் அந்தக் கணக்கில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்ட, இவர் ஒப்புக்கொண்டு, பழைய பதிவிலேயே "திருத்தம்" என்று போட்டுச் சரிசெய்தார். நாற்பது பக்கத்துக்கு மேல் போனது. 2013இல், அதாவது நான் கேட்டு நான்கு வருடம் கழித்து, ராசிபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் மன்றத்தில் புதிதாகச் சேர்ந்து முதல் பதிவாக இப்படி எழுதினார்: "கூகுள்ல தேடி இங்க வந்தேங்க. எனக்கும் இதே பிரச்சினை. கேபிள் மாத்தினேன். இப்ப நல்லா ஓடுது. உங்க ரெண்டு பேருக்கும் நன்றிங்க."

நான் கேட்ட கேள்வி, முகம் தெரியாத ஒருவரின் பதில், அது நான்கு வருடம் கழித்து இன்னொருவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியது. மன்றம் என்றால் எனக்கு இதுதான். சொன்ன பதில் சொன்ன இடத்திலேயே இருக்கும். அதற்கு ஒரு விலாசம் இருக்கும். தேவைப்படுகிறவன் என்றைக்கு வந்தாலும் கண்டெடுப்பான்.

இன்று பதில் சொல்ல ஆளில்லை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு பேர் இணையத்தில் இருக்கிறோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு எங்கள் ஊரில் நெட் இல்லாத போனே கிடையாது. எழுதப் படிக்கத் தடுமாறும் என் அம்மா, பல்லடத்தில் இருக்கும் சித்தியிடம் வாய்ஸ் மெசேஜில் மாட்டுக்கு வைத்தியம் கேட்கிறார். அவர் எந்தக் காலத்திலும் ஒரு மன்றத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே போயிருக்கமாட்டார். அந்த வகையில் சமூக ஊடகம் செய்தது பெரிய காரியம், அதை நான் மறுக்கவே மாட்டேன். மன்றங்களில் குறை இல்லாமலும் இல்லை. பெண்கள் சொந்தப் பெயரில் எழுதத் தயங்கினார்கள், தயங்கக் காரணமும் இருந்தது. பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்கள் சிலர் தங்களுக்குப் பிடிக்காதவர் திரியைப் பூட்டிவிட்டுப் போனார்கள். சாதிச் சண்டை அங்கேயும் வந்தது.

ஆனால் இன்று நாம் சொல்லும் பதில்கள் எங்கே போய் விழுகின்றன என்று பாருங்கள்.

2016இல்தான் தென்னையில் சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியிலும் பாலக்காட்டிலும் கண்டறியப்பட்டது. ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாக முட்டை, அதன் கீழே இருக்கும் மட்டையெல்லாம் கரும்பூசணம். எங்கள் தோப்புக்கும் வந்தது. வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது இதுதான்: மருந்தடிக்க அவசரப்படாதீர்கள், என்கார்சியா என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி இந்த ஈயை அழிக்கும், கடுமையான பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், ஓலையின் அடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், கரும்பூசணத்துக்கு மைதா மாவுக் கரைசல் தெளியுங்கள்.

இந்தப் பதிலை எங்கள் குழுவில் நான் மட்டுமே ஆறு தடவை எழுதியிருக்கிறேன். ஆறு தடவையும் புதைந்துபோனது. மூன்று நாள் கழித்து அதே குழுவில் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்பார். அவர்மேல் தப்பில்லை. அத்தனை செய்திகளுக்கு மேலே தேடிப் போவது லேசில்லை. அதற்குள் யாரோ ஒருவர் ஒரு கடும் மருந்தின் பெயரைச் சொல்லி, "அடிச்சேன், ரெண்டே நாள்ல போயிருச்சு" என்று போட்டிருப்பார். அது அங்கிருந்து உடுமலைக்கும் ஆனைமலைக்கும் பார்வர்டு ஆகும். அதற்குக் கீழே நாங்கள் எழுதிய மறுப்பு கூடவே போகாது. மன்றத்தில் தப்பான பதில் வந்தால் அதன் காலடியிலேயே திருத்தமும் இருக்கும், படிப்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார். வாட்ஸப்பில் தப்பு மட்டும் பயணம் போகிறது, திருத்தம் பிறந்த குழுவிலேயே கிடக்கிறது. எத்தனை தோப்பில் குளவி செத்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

முகநூல் பரவாயில்லையா என்றால் அதுவும் இல்லை. 2006 செப்டம்பரில் முகநூலில் எல்லார் பதிவுகளையும் ஒரே ஓடையாகக் காட்டும் நியூஸ் பீட் வந்தது. அதோடு வரிசை மாறிவிட்டது. மன்றத்தில் யாராவது பதில் போட்டால் பழைய திரி மேலே ஏறி வரும், ஐந்து வருடத்துத் திரியாக இருந்தாலும் அன்றைக்கு அது புதிசு. இங்கே எது மேலே வர வேண்டும் என்பதை நாம் யாரும் முடிவு செய்வதில்லை. சண்டை போட்டால் மேலே வரும். மோட்டார் கேபிள் வராது. மூடிய குழுவில் எழுதினால் கூகுளுக்குத் தெரியாது. நான் இந்தப் பதிவைப் போடுவதே முகநூலில்தான், வேறு எங்கே போட்டாலும் நீங்கள் வரமாட்டீர்கள். அடுத்த வருடம் இதே நாளில் இதைத் தேடினால் எனக்கே கிடைக்குமா என்பது சந்தேகம்.

நாங்கள் எல்லாரும் மன்றத்தை விட்டு ஒரே நாளில் போகவில்லை. முதலில் அரட்டைப் பகுதி காலியானது. 2011 வாக்கில் "முகநூலில் பார்க்கலாம்" என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அரட்டைக்கு வந்தவர்கள்தான் போகிறபோக்கில் மற்ற பகுதிகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அது அப்போது புரியவில்லை. பிறகு போன் வந்தது. எங்கள் மன்றப் பக்கம் போன் திரையில் எறும்பு எழுத்தாகத் தெரியும். புதிதாகச் சேருகிறவர்களில் பாதி தானியங்கி விளம்பரக் கணக்குகள், மட்டுறுத்துநர்கள் அவற்றை அழித்தே சோர்ந்தார்கள். நிர்வாகி வெளிநாட்டில் வேலை பார்த்தவர், சர்வர் வாடகை அவர் கைக்காசு. ஒரு தடவை நன்கொடை கேட்டார். நான் கொடுக்கவில்லை. அந்த மாதம் கையில் பணம் இல்லை என்பது உண்மைதான், அடுத்த மாதம் இருந்தது, அதுவும் உண்மை. இன்றும் அது உறுத்துகிறது. 2015இல் ஒருநாள் பக்கம் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

இது எங்கள் மன்றத்துக்கு மட்டும் வந்த கதி என்று நினைக்காதீர்கள். கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30இல் மூடினார்கள். மின்மடல் வழியே பேசிக்கொள்ளும் யாகூ குழுமங்களில் எத்தனையோ தமிழ்க் குழுமங்கள், இலக்கியம், மரபு, கணினித் தமிழ் என்று வருடக்கணக்காகப் பேசியவை இருந்தன. 2019 கடைசியில் பழைய மடல்களை அழிக்கப்போவதாக அறிவித்து, 2020 டிசம்பரில் மொத்தமாக இழுத்து மூடினார்கள். பெரிய கம்பெனி வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்று நம்பியவர்களுக்கும் இதே முடிவுதான்.

தமிழுக்கு இதில் நஷ்டம் இன்னும் கூடுதல். 'வலைப்பூ' என்ற சொல் மடற்குழுவில் பேசிப் பிறந்த சொல். கணினியில் தமிழை எப்படி எழுதுவது என்பதையே இப்படிக் கூடிப் பேசித்தான் முடிவுசெய்தார்கள். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று இருந்த காலம் அது. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் எழுதியதை, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடில் திறந்தால் ஏதேதோ கிறுக்கலாகத் தெரியும். 2010 ஜூனில் கோவை கொடிசியா வளாகத்தில் செம்மொழி மாநாடும் கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தபோதுதான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. நான் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கூட்டத்தில் போய் நின்றேன். நாம் இரவெல்லாம் சண்டை போட்டுப் பேசிய விஷயத்தை அரசாங்கமே பேசுகிறதே என்று அப்படி ஒரு சந்தோஷம். அப்படிப் பாடுபட்டு எழுத்தைச் சரிசெய்துவிட்டு, அதில் எழுதியதைப் பறிகொடுத்தோம். ஆங்கிலத்தில் ஒரு பம்ப் மன்றம் மூடினால் இன்னும் நூறு இடத்தில் அதே பதில் இருக்கும். தமிழில் 850 அடி போருக்கு இரண்டரை ஸ்கொயர் ஏன் ஆகாது என்று விளக்கிய இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இணைய ஆவணக் காப்பகத்தில் தேடினேன். எங்கள் திரியின் முதல் பக்கம் கிடைத்தது. "கேபிள் எத்தனை ஸ்கொயருங்க?" என்ற வரி அப்படியே இருந்தது. இரண்டாம் பக்கத்தைச் சொடுக்கினால் சேமிக்கப்படவில்லை என்று வருகிறது. படம் வரைந்து விளக்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

அன்று இரவே அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். முதலில் அதைத்தான் கேட்டேன். "நாலுங்ண்ணா" என்றான். எச்பி பத்து. முக்கால் மணி நேரம் பேசினோம். கணக்கை ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். அவனுக்குக் காரியம் ஆகிவிடும். அவனை அடுத்து எரியப்போகும் மோட்டார்க்காரருக்கு அந்தத் தாள் கிடைக்காது.

அதனால் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து அனுபவத்தையும் எனக்கு நினைவிருக்கும் பழைய பதில்களையும், யாரும் கணக்குத் தொடங்காமலே படிக்கிற மாதிரி, தேடினால் அகப்படுகிற மாதிரி ஒரு சின்ன இணையதளத்தில் தட்டச்சு செய்துகொண்டு வருகிறேன். வருட வாடகை என் கைக்காசு. இதுவரை பம்ப், வெள்ளை ஈ, சொட்டுநீர்க் குழாய் உப்படைப்பு என்று மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. தப்பு இருந்தால் அங்கேயே கீழே எழுதித் திருத்தலாம்.

2006இலிருந்து 2015வரை அந்த மன்றத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், விவசாயப் பகுதியின் பக்கங்களைச் சேமித்தோ பிரிண்ட் எடுத்தோ வைத்திருந்தால், உள்பெட்டிக்கு வாங்க. பம்ப் திரியில் இரண்டாம் பக்கத்திலிருந்து எதுவாக இருந்தாலும் சரி. டெஸ்டிங்கில் இருந்த அந்த அண்ணனைத் தெரிந்தவர்கள் இருந்தால், பொங்கலூர்க்காரன் தேடுகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.