சார்லஸ் ட்ரூவுக்கு ரத்தம் மறுக்கப்பட்டதா?

"ரத்த வங்கியை உருவாக்கிய கறுப்பின மருத்துவர் சார்லஸ் ட்ரூ, வெள்ளையர் மருத்துவமனை ரத்தம் தர மறுத்ததால் இறந்தார்" என்ற பதிவு மறுபடியும் சுற்றுகிறது. இது உண்மையில்லை.

1950 ஏப்ரல் 1 அன்று வட கரோலினாவில் கார் ஓட்டும்போது கண்ணயர்ந்துவிட்டார். வண்டி உருண்டது. பர்லிங்டன் மருத்துவமனையில் வெள்ளைக்கார மருத்துவர்கள் உடனே சிகிச்சை தொடங்கினார்கள். காயம் அவ்வளவு கடுமை, காப்பாற்ற முடியவில்லை. அதே காரில் வந்து உயிர் பிழைத்த மருத்துவர் ஜான் ஃபோர்ட், நல்ல சிகிச்சை கிடைத்தது என்று பின்னர் சொன்னார்.

அப்புறம், அமெரிக்காவின் முதல் மருத்துவமனை ரத்த வங்கியை 1937இல் சிகாகோவில் தொடங்கியவர் பெர்னார்ட் ஃபான்டஸ். ட்ரூவின் சாதனை வேறு: ரத்தத்தைக் கெடாமல் சேமிப்பது பற்றி 1940இல் ஆய்வேடு எழுதினார், அதே ஆண்டு போரில் தவித்த பிரிட்டனுக்கு பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) அனுப்பும் பெரும் பணியை வழிநடத்தினார்.

சரி, வதந்தியை ஏன் இத்தனை பேர் நம்பினார்கள்? அந்த அநியாயம் நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது. கறுப்பினத்தவரின் ரத்தத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் ஏற்கவே இல்லை, பிறகு தனியாகப் பிரித்து வைத்தது. அறிவியலில் இதற்கு ஆதாரமே இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகக் கண்டித்தார். 1950 டிசம்பரில் அதே மாநிலத்தில், விபத்தில் அடிபட்ட கறுப்பின மாணவர் ஒருவரை, 'கறுப்பினத்தவருக்கான படுக்கை இல்லை' என்று ஒரு மருத்துவமனை திருப்பி அனுப்பியது. அவர் இறந்துபோனார்.