கேமரா எங்கே நின்றது?

சிங்கப்பூர் வீழ்ந்த நாளின் 'ஒரிஜினல் வீடியோ' என்று ஜப்பானியச் செய்திப்படத் துண்டுகளைப் பகிர்கிறார்கள். படம் ஒரிஜினல்தான். சத்தம் ஒரிஜினல் இல்லை. ஆனால் பலருக்கும் புல்லரிப்பது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

களத்துக்குப் போன ஒளிப்பதிவாளர்கள் வைத்திருந்தது ஐமோ மாதிரியான கைக்கேமரா. சாவி கொடுத்து ஓட்டவேண்டும், ஒலி பதியாது. உள்ளே 100 அடி 35 எம்எம் பிலிம். நொடிக்கு 24 பிரேம் வீதம் ஓடினால் ஒரு நிமிடம் ஏழு நொடியில் சுருள் காலி. அதற்குள்ளேயே ஸ்பிரிங் தளர்ந்து, மறுபடி சாவி கொடுக்கவேண்டி வரும். ஆகவே எல்லாமே துண்டு துண்டாகத்தான் வரும். குண்டுச் சத்தம், ராணுவ இசை, தொண்டை கிழியும் வர்ணனை எல்லாம் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தவை. ஒலியை அணைத்துவிட்டு நிழல் விழும் திசையை மட்டும் கவனியுங்கள். ஒரே தாக்குதல் என்று காட்டுவதில் காலையும் மாலையும் கலந்திருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்தது, கேமரா நின்ற இடம். வீரர்கள் முகம் தெரிய நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறார்களா? அப்படியென்றால் கேமராக்காரர் எதிரி இருக்கவேண்டிய பக்கம் நிற்கிறார். ஒன்று, அந்த இடம் ஏற்கனவே கைக்கு வந்திருக்கவேண்டும். இல்லை, ஓடிவரச் சொல்லி எடுத்திருக்கவேண்டும். நிஜச் சண்டையில் பெரும்பாலும் முதுகுதான் தெரியும், அதுவும் ஆடிக்கொண்டு.

ஆனால் இதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடக் கூடாது. 1942 பிப்ரவரி 15 அன்று வெள்ளைக்கொடியும் பிரிட்டிஷ் கொடியுமாக பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலின் குழு சரணடைய புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலைக்கு நடந்துவருவது நிஜம். அந்தக் காட்சியில் பொய் இல்லை. அதன் பிறகு நடந்ததை வெட்டியதில்தான் விஷயம். 18ஆம் தேதி தொடங்கி ஜப்பானிய ராணுவம் சீனர்களை ஆயிரக்கணக்கில் பிரித்தெடுத்துச் சுட்டுக் கொன்றது வெற்றிச் செய்திப்படத்தில் வராது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு படமும் கிடையாது. ஜப்பானின் 1939 திரைப்படச் சட்டத்துக்குப் பின், அசாஹி, மைனிச்சி, யோமியுரி நாளிதழ்கள், தோமெய் செய்தி நிறுவனம் ஆகியவற்றின் செய்திப்படப் பிரிவுகளை 1940இல் ஒன்றாக்கி 'நிப்பான் நியூஸ்' என்ற ஒரே வாராந்தரச் செய்திப்படமாக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால், நடிக்கவைத்து எடுத்த காட்சிகளைவிட இதுதான் பெரிய கோளாறு. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. ராணுவத் தலைமையகம் ஒன்று மூழ்கியது, ஒன்று பலத்த சேதம் என்றது. தியேட்டரில் உட்கார்ந்தவனுக்கு வேறு கணக்கு எங்கிருந்து வரும்? பேரரசர் வரும் காட்சிக்கு முன் 'தொப்பியைக் கழற்றுங்கள்' என்று எழுத்துப் போடுவார்கள். பார்ப்பதற்கே அப்படி ஒரு ஒழுங்கு!

ஜப்பான் பிடித்துவைத்திருந்த ஜாவாவில் உள்ளூர் மக்களுக்கென்றே தனியாகச் செய்திப்படம் எடுத்து, நடமாடும் புரொஜெக்டர் குழுக்கள் வழியே கிராமம் வரை கொண்டுபோனார்கள். அந்தச் சுருள்கள் பல பின்னர் நெதர்லாந்து போய்ச் சேர்ந்தன.

தமிழருக்கு நெருக்கமானது, ஜப்பானியர்கள் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில்பாதை. 415 கிலோமீட்டர். போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அதில் உழைத்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். 1943 அக்டோபரில் கொன்கோய்த்தாவில் இரு முனைத் தண்டவாளங்களும் சேர்ந்தபோது திறப்புவிழா நடத்திப் படமெடுத்தார்கள். விழாவில் ஓடிய சி5631 எஞ்சின் போரில் இறந்த ஜப்பானியர்களை வணங்கும் டோக்கியோ யாசுகுனி கோயில் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், கறுப்புப் பெயின்ட் பளபளக்க இன்றும் நிற்கிறது.