ஒழுகும் துணி டயப்பருக்கு இன்னொரு மைக்ரோஃபைபர் பேட் தீர்வா?

“துணி டயப்பர் ஒழுகினால் மைக்ரோஃபைபர் பேட் இன்னொன்றைச் சேர்த்து வையுங்கள், இரவு முழுக்கக் குழந்தை உலர்வாக இருக்கும்” என்ற குறிப்பு பகிரப்படுகிறது. இது தவறு.

மைக்ரோஃபைபர் என்ற மிக நுண்ணிய செயற்கை இழை ஈரத்தை வேகமாக இழுக்கும். ஆனால் குழந்தை உட்கார்ந்தாலோ புரண்டாலோ, அழுத்தத்தில் அதே ஈரம் வெளியே பிதுங்கிவிடும். இரண்டு பேட் வைத்தாலும் இதே கதைதான். மேலும் தடிமன் கூடினால் தொடைப்பக்க எலாஸ்டிக் விலகி, அந்த இடைவெளி வழியாகவே ஒழுகும்.

மைக்ரோஃபைபரை மேலேயும், பருத்தி அல்லது சணல் (hemp) பேடை அடியிலும் வையுங்கள். மேலடுக்கு வேகமாக உறிஞ்சும், அடியடுக்கு பிடித்து வைக்கும். பணம் மிச்சமாக வேண்டுமா? வெள்ளைப் பருத்தித் துணியைப் பட்டையாக மடித்து அடியில் வைத்தாலே போதும். விரித்துக் காயப்போடலாம் என்பதால் சீக்கிரம் உலரும். மைக்ரோஃபைபர் மட்டும் தோலில் நேரடியாகப் படக்கூடாது. தோலின் ஈரப்பசையையும் இழுத்து உறுத்தும். அதன் மேலே ஃபிலீஸ் (மென்மையான செயற்கைத் துணி) போன்ற ஒரு துணி கட்டாயம் வேண்டும்.

புதிய பருத்தி, சணல் பேடுகளை 5 முறையாவது துவைத்த பிறகே குறை சொல்லுங்கள். இழையிலுள்ள இயற்கை எண்ணெய் போனால்தான் நன்றாக உறிஞ்சும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம், அது இழைமேல் படிந்து நீரைத் தள்ளும்.

எந்த அடுக்கு வைத்தாலும் பகலில் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் கழித்தால் உடனே.